மண்டி பேருதான் வரும்

என் ஓரகத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வயிற்றெரிச்சல்தான் வருகிறது. அதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். நேரில் ‘அக்கா, வாங்க, போங்க’ என்று கூப்பிட்டவளை இங்கே ‘அவள்’ என்று எழுதுகிறேன். இந்தச் சுகமாவது எனக்கு இருக்கட்டும்.

எங்கள் மாமனார் சோலூர்ப் பக்கம் தோட்டங்களில் கேரட்டும் முட்டைக்கோஸும் மொத்தமாக எடுத்து மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றி அனுப்பும் காய்கறி மண்டி வைத்திருந்தவர். உடம்பு தளர்ந்து மண்டியை மூடியதும், ஊட்டியில் பூங்காவுக்குப் போகும் சாலையில் ஒரு கடையை வாங்கிப் போட்டார். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது கடைக்கு நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பை நிறுத்தி இரண்டாக்கினார்கள். அந்தப் பக்கம் அவள்: சால்வை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. இந்தப் பக்கம் நான்: டீத்தூள், வர்க்கி பிஸ்கட், தைலம், சாக்லேட். அவள் வீட்டுக்காரருக்கு அருவங்காட்டு ஃபாக்டரியில் வேலை. என்னுடையவர் சரக்கு எடுக்க, இறக்க என்று வெளியிலேயே இருப்பார். ஆக, தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொம்பளைகள் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடையைப் பிரிக்க முடிந்தது, கார்டு மிஷினைப் பிரிக்க முடியவில்லை. பேங்க் கணக்கு மாமனாரின் மண்டி பேரில் இருந்தது. “என்ற உசுரு இருக்கற வரைக்கும் குடும்பத்துக்கு ஒரே கணக்குதான்” என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் தடுப்பில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சதுர ஓட்டை வெட்டினோம். அதன் வழியாக மிஷின் அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும். போனில் ஸ்கேன் செய்து காசு போடும் அட்டையும் அதே கணக்குத்தான். ஆனால் ஊட்டிக்கு வருகிறவர்களின் போன் படமெடுத்து, படமெடுத்துச் சார்ஜ் தீர்ந்தே இருக்கும். சால்வை விலைக்குக் கார்டுதான் வெளியே வரும்.

கார்டை நீட்டியதும் அவளுக்குள் ஒரு போலீஸ்காரி புகுந்துகொள்வாள். முகம் மட்டும் கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிறவள் முகம். மிஷினைத் திருப்பிக் காட்டி, “தொகை சரிங்களா? தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க” என்பாள். கார்டை மேலே தட்டினாலே போதும் என்று சொல்கிறவர்களிடம், “தட்டறதெல்லாம் டீக்கடைல வெச்சுக்குங்க, இங்க உள்ள சொருகி நம்பரு போடுங்க” என்பாள். வெளிநாட்டுக் கார்டு நம்பர் கேட்காது, கையெழுத்துதான். ஒரு வெள்ளைக்காரர் போட்ட கையெழுத்து கார்டுக்குப் பின்னால் இருந்ததைப் போல இல்லை என்று அவரை மறுபடி போட வைத்தாள். அந்த மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர் மாதிரி எழுதினார். போகும்போது அவளோடு நின்று படம் வேறு எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுடைய முக்கியமான வேலை. “ஏனுங்க, உங்க போனுக்கு மெசேஜ் வரும். அதுல எங்க கடை பேரு வராதுங்க. எங்க மாமனாரு மண்டி பேருதான் வரும். காய்கறி மண்டி. எங்க, ஒருக்கா சொல்லுங்க பாக்கலாம்.”

சென்னைக்காரர்கள் சொல்வார்கள், பெங்களூர்க்காரர்கள் சொல்வார்கள், கூடலூர் வழியாக வந்த மலையாளிகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். குடும்பமாக வந்தால் குடும்பத்தையே சொல்ல வைப்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சீசன் நேரத்தில் பொழுதுக்கும் இந்தக் கோரஸ் தடுப்பைத் தாண்டி என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நான் சாக்லேட்டை எடை போட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், கார்டில் கொடுத்த காசுக்கு ஒரு குணம் உண்டு, போன வழியே திரும்பிப் போய்விடும். ஊருக்குப் போனவர் பேங்கில், ‘இது என் செலவில்லை’ என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். கடைக்காரன் சாட்சியோடு மறுக்காவிட்டால், பேங்க் கடைக் கணக்கிலிருந்து காசை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடும். இதற்கு சார்ஜ்பேக் என்று பேர். எங்கள் சாலையில் ‘திரும்பிப் போச்சு’ என்போம். சரக்கும் போச்சு, காசும் போச்சு. இந்தச் சாலையில் அது நடக்காத கடை அவளுடையது ஒன்றுதான். “ஞாபகம் இருக்கறவன் சண்டைக்கு வரமாட்டான் அம்மிணி. மறந்தவன்தான் வருவான்” என்பாள்.

மலையில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும். மிஷின் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற கடைகளில் அவசரப்பட்டு இன்னொரு முறை தேய்த்துவிடுவார்கள். அவள் தேய்க்கவே மாட்டாள். மிஷினைக் கையில் ஏந்தி நடுரோட்டுக்குப் போய் நிற்பாள். “ரெண்டுக்கா தேச்சா ரெண்டுக்கா காசு போயிருமுங்க. அப்பறம் ஊருக்குப் போயி எங்களத்தான் வைவீங்க. செத்த இருங்க” என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பாள். அவர்களும் உட்கார்வார்கள். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்காமல் இன்னொரு ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்து அதையும் வாங்குவார்கள். நான் ஒருவரைக் காக்க வைத்தால் அவர் வர்க்கியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். இரண்டு கடைக்கும் ஒரே மஞ்சு, ஒரே மிஷின். பிறகு எனக்கு மட்டும் ஏன் இப்படி?

அழகி என்று அவளைச் சொல்ல முடியாது. புடவைக்கு மேல் போட்ட ஸ்வெட்டரில் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று கோத்திருக்கும், ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். குளிர்காலத்தில் மூக்கு நுனி சிவந்து ஒழுகும், அதைக் கையாலேயே துடைப்பாள். அப்படிப்பட்டவளைத்தான் பார்த்தவர்கள் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷம் வந்து, “காய்கறி மண்டி அக்கா இருக்காங்களா?” என்று என் கடை வாசலில் நின்று என்னிடமே கேட்பார்கள். போன வருஷமும் என்னிடம் டீத்தூள் வாங்கியவர்கள்தான் அவர்கள். என் முகத்தைப் பார்த்தால் சுவரைப் பார்த்தது போல இருக்கும் அவர்களுக்கு.

முட்டி வலிக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லி, அவள் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டாள். மிஷின் என் கையில்தான் இருக்கிறது. ‘மண்டி பேருதான் வரும்’ என்று நானும் இப்போது சொல்கிறேன். ‘சரிங்க’ என்கிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை.

அவள் இங்கே இருந்தவரை அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். அவள் சொல்வதை நான் சொல்வதா? ஒரு பெங்களூர்க்காரர் என்னிடம் கைநிறைய டீத்தூளும் தைலமும் வாங்கிப் போனார். ஊருக்குப் போய்க் கணக்கைப் பார்த்திருக்கிறார். காய்கறி மண்டி என்று இருக்கிறது. நான் காய்கறியே வாங்கவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். என்னிடம் ஸ்லிப் இல்லை, குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். காசு திரும்பிப் போச்சு.

அதற்கு முன்னாலும் ஒன்று. சாக்லேட் வெளுத்துப் போச்சு என்று ஒரு பெண் திருப்பிக் கொண்டுவந்தாள். பாவம் என்று கல்லாவிலிருந்து காசாக எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் பேங்கிலும் புகார் சொல்லி அங்கேயும் வாங்கிக்கொண்டாள். அதே மாதத்தில் என் ஓரகத்தியிடம் ஒருவர் அளவு சேராத ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்து, பெட்ரோலுக்கு வேண்டும், காசாகக் கொடுங்கள் என்று கெஞ்சினார். “கார்டுல வந்தது கார்டுலயேதானுங்க போகோணும்” என்று கடைசிவரை அசையவில்லை அவள். கல் நெஞ்சுக்காரி என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நினைத்தேன். கடைசியில் கல் நெஞ்சுக்காரி பிழைத்தாள், இளகிய மனசுக்காரி மாட்டினாள்.

இரண்டாவது புகாருக்குப் பிறகு பேங்கிலிருந்து ஒருவர் வந்தார். இன்னொன்று இப்படி வந்தால் மிஷினை எடுத்துக்கொண்டு கணக்கையும் நிறுத்தி வைப்போம் என்று சொல்லிப் போனார். கணக்கு நின்றால் ஸ்கேன் அட்டையும் போச்சு. கையில் காசு வைத்துக்கொண்டு ஊட்டிக்கு யார் வருகிறார்கள்? இரண்டு கடைகளையும் பூட்ட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் குதித்தார். “அண்ணி மாதிரி ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சு போயிருமா உனக்கு?” என்றார். அண்ணி மாதிரி, அண்ணி மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சோற்றோடு போட்டது அதைத்தான்.

அவளோ திட்டவில்லை. “விடு அம்மிணி, ஆருக்கும் வர்றதுதான்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அவள்.

ஆடி மாத மழையில் எங்கள் ஊரில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமத்துப் போகும், மடித்து வைத்த துணியில் பூஞ்சை பூக்கும். எது கெடக்கூடாதோ அதைக் கணப்புச் சட்டி பக்கத்தில் வைப்பது இங்கே எல்லோர் வீட்டிலும் வழக்கம். அப்பளம், சீருடை, ரேஷன் கார்டு எல்லாம் கரி நெருப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவளும் தன் ஸ்லிப்புகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்த தகர டப்பாவை, ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று மேஜைக்கு அடியில் கணப்புச் சட்டியை ஒட்டி வைத்தாள். நான் குப்பையில் போட்டதை அவள் குழந்தையைப் போலக் குளிர் படாமல் காக்கிறாள் என்று எனக்கு அதிலும் எரிச்சல்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊர் கூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது புகார் வந்தது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்டின் கடைசி நாலு எண், தொகை. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். தொகையை மறுபடி பார்த்தார். அது டீத்தூள் தொகை இல்லை, சால்வைத் தொகை. அவளுடையது.

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. மிஷின் போகும், கடை போகும் என்பதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அவள் பதறவில்லை. நகைப் பெட்டியைத் திறக்கிறவளைப் போல டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். மேலே இருந்த ஸ்லிப்புகள் சாம்பல் நிறமாக இருந்தன. கீழே போகப் போகக் கறுப்பு. அடியில் இருந்த ஆடி மாதத்து ஸ்லிப்புகள் கரிக்கட்டை மாதிரி முழுக் கறுப்பு. ஒரு எழுத்து தெரியவில்லை. “அண்ணி, இந்தக் காயிதத்துல மையே கெடையாதுங்க. சூடு பட்டாக் கறுக்கற காயிதம். மிஷின் சூட்டுலதான் அதுல எழுதுது” என்றார் என் வீட்டுக்காரர். மிஷினில் பழைய ஸ்லிப்பை எடுக்க முடியுமா என்று பார்த்தார். அவ்வளவு பழையது அதில் இல்லை. பில் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தத் தொகைக்கு இரண்டு சால்வை, ஒரு ஸ்வெட்டர் என்று இருந்தது, வாங்கினவர் பேர் இல்லை. வெறும் பில் போதாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். வாங்கினவரே புகாரைத் திரும்பப் பெற்றால்தான் உண்டு. அந்த வாங்கினவர் யார்?

“அன்னைக்கு மழைல நெம்பப் பேரு வந்தாங்களே. ஆருன்னு தெரியலியே” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் தன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்தவள், ஒருத்தரைக்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பேங்குக்குப் போனார். கடையில் நாங்கள் இரண்டு பேர். எப்போதும் மிஷின் வருகிற ஓட்டையில் அவள் முகம் தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

“அம்மிணி, அன்னைக்கு ஆரு வந்தாங்கன்னு சொல்லு.”

“எனக்கெப்படிங்க்கா தெரியும்? உங்க கடைக்கு வந்தவங்கதான?”

“உனக்குத் தெரியும். நீதான் பாத்துட்டே இருப்பியே.”

குத்தலாகச் சொல்லவில்லை. தீப்பெட்டி இருக்கா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குக் காது சுட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், அவள் பெருமை முடிந்தது. கூடவே என் கடையும் முடிந்துவிடும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கடைக்காக நான் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும் என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். அந்த ஆசைதான் என்னைப் பேச வைத்தது.

“அருவங்காட்டு டிரைவரு, தலைல எப்பவும் துண்டு கட்டியிருப்பாரே, அவரு வண்டிங்க்கா. வெள்ள வண்டி. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு எறங்கினாங்க. மூத்தவங்க கையில பச்சக் குடை, ஒரு கம்பி ஒடஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. சின்னவங்க செருப்புக்குள்ள சாக்ஸ் போட்டிருந்தாங்க. ஆம்பள எறங்கவே இல்ல. மலையேறுனதுல தல சுத்தி, முன் சீட்டுல குல்லாவ மூஞ்சி வரைக்கும் இழுத்துட்டு, கைல எலுமிச்சம்பழத்த மோந்துட்டே படுத்திருந்தாரு. அந்த மூத்தவங்கதான் உங்ககிட்ட ரெண்டு சால்வயும் ஒரு ஸ்வெட்டரும் வாங்கி, அந்தாளு கார்டுல நம்பரு போட்டாங்க.”

மூச்சு விடாமல் சொன்னேன். எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்? அந்த இரண்டு பேரும் முதலில் என் கடைக்குத்தான் வந்தார்கள். டீத்தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார்கள். ‘இதோ வந்துடறோம்’ என்றார்கள். அவள் கடைக்குள் போனார்கள். திரும்பி வரவே இல்லை. அப்படிச் சொல்லிப் போனவர்கள் அத்தனை பேருடைய முகமும் எனக்குத் தெரியும்.

அந்த டிரைவர் அவள் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். போனை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவர் திருச்சிக்காரர், குரல் விறைப்பாக இருந்தது.

“காய்கறி மண்டியா? நான் ஊட்டில ஒரு கேரட்கூட வாங்கலம்மா. வண்டிய விட்டே எறங்கல. எவனோ ஏமாத்தறான்னுதான் பேங்க்ல போட்டேன்.”

“எறங்கலீங்க, தெரியும். பாவம், உங்களுக்குத் தல சுத்தல். கைல எலுமிச்சம்பழத்த வெச்சுட்டுப் படுத்திருந்தீங்க. உங்க ஊட்டுக்காரம்மாவும் அவங்க தங்கச்சியும்தான் வந்தாங்க. பச்சக் குடை, ஒரு கம்பி ஒடஞ்சது…”

நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் மறந்து என் பக்கம் திரும்பினாள். “சாக்ஸ்” என்று நான் கிசுகிசுத்தேன். “சின்னவங்க செருப்புக்குள்ள சாக்ஸ் போட்டிருந்தாங்க” என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் போனைப் பிடுங்கியது. “ஐயோ, சால்வைக் கடை அக்காவா! காய்கறி மண்டின்னு எங்களச் சொல்லச் சொன்னீங்களே! இவர்ட்ட சொல்லவே மறந்துட்டேன் பாருங்க!” பின்னாலேயே அந்தம்மா வீட்டுக்காரரைத் திட்டுவது கேட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் போனில் பட்டனை அமுக்கிப் புகார் கொடுத்தாராம்.

அவர் மறுபடி வந்தபோது குரல் இளகியிருந்தது. “மன்னிச்சுக்கங்கம்மா. இன்னைக்கே வாபஸ் வாங்கிடறேன். ஆனா ஒண்ணு, எத்தனையோ பேர் வந்து போற கடை. குடைக் கம்பி ஒடஞ்சதக்கூட ஞாபகம் வெச்சிருக்கீங்களே! இந்த அக்கறை யாருக்கும்மா வரும்? இனிமே ஊட்டிக்கு வந்தா உங்க கடைக்குத்தான்.”

நான் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இப்போது சொல்வாள், பக்கத்தில் என் ஓரகத்தி இருக்கிறாள், பார்த்தது அவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன்.

“வாங்க, வாங்க. கஸ்டமரு எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரிங்க. மறக்க முடியுமா?” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

என் கண், என் ஞாபகம், இத்தனை வருஷத்து என் வயிற்றெரிச்சல். அதற்குக் கிடைத்த ஒரே பாராட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சி, கையால் துடைத்துக்கொண்டு ஓட்டையில் மறுபடி குனிந்தாள் அவள்.

“நீ அங்க நின்னு பாத்துட்டு இருக்கற வரைக்கும் எனக்கென்ன பயம் அம்மிணி” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இனி அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை என்று துணியை எடுத்துக்கொண்டு டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புச் சுடிதார், கழுத்தில் மஞ்சள் மஃப்ளர், கையில் பாதி தின்ற மக்காச்சோளம். இறங்கியவள் என் ஓரகத்தி கடைக்குள்தான் போனாள்.